புதுக் கணினி வாங்கலாம், எதற்காக என்று தெரிந்து வாங்குங்கள்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சிறிய டிசைன் தொழில் நடத்துகிறார், கூட இரண்டு உதவியாளர்கள். லோகோ, விசிட்டிங் கார்டு, சிற்றேடு, பெரிய பேனர், ஸ்டிக்கர் வெட்டித் தருவது என்று வேலை போகிறது. முக்கியமான வேலையெல்லாம் ஓடுவது ஒரே கணினியில்: ஆறாம் தலைமுறை ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பேனர் கோப்பை ஃபோட்டோஷாப்பில் திறந்தால் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, சேமிக்கக் கொடுத்தால் ஹேங் ஆகிவிடுகிறது. போன மாதம் வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளிலேயே இரண்டு முறை நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, திரையில் பார்த்த நிறம் அச்சில் வருவதில்லை, இருட்டடித்தது போல வருகிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள். தம்பி, பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கணினி வாங்கச் சொல்கிறார். உதவியாளர்களில் ஒருவர் மேக் வாங்கலாம் என்கிறார். கடைக்காரரோ பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மீதியைத் தவணையில் கட்டுங்கள், எல்லா மென்பொருளையும் நானே போட்டுத் தந்துவிடுகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, கடன் வாங்கலாமா, பழைய கணினியை இன்னொரு உதவியாளர் தனக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி. பேனர் கோப்பைப் பிஎஸ்டியாகச் சேமிக்க முடியவில்லை, பிஎஸ்பியாகத்தான் சேமிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிஎஸ்டி என்பது ஃபோட்டோஷாப்பின் வழக்கமான கோப்பு வகை, பிஎஸ்பி மிகப் பெரிய கோப்புகளுக்கானது. ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்டினாலோ, கோப்பு 2 ஜிபிக்கு மேல் போனாலோதான் பிஎஸ்டி ஏற்றுக்கொள்ளாது. நீங்கள் செய்வது மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் பேனர். அதை 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்), முழு அளவில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அகலம் 35,433 பிக்சல், உயரம் 23,622. அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் ஒரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) நிரம்பினாலே 3 ஜிபிக்கு மேல் போய்விடும். அப்படி ஐந்தாறு லேயர் சேர்ந்தால் 16 ஜிபி ரேம் எந்த மூலைக்கு?

300 பிபிஐ என்பது கையில் பிடித்துப் படிக்கிற விசிட்டிங் கார்டுக்கும் சிற்றேட்டுக்கும் உரிய அளவு. பல அடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு 72 முதல் 100 பிபிஐ பெரும்பாலும் தாராளம். உங்களுக்கு அச்சடித்துத் தருபவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 100 பிபிஐக்குக் குறைத்தால் கோப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும், லேயருக்கு ஏறக்குறைய 370 எம்பி. எழுத்தையும் லோகோவையும் இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக) வைத்து, படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால் இன்னும் லேசாகும், எழுத்தும் கூர்மையாக வரும்.

அதற்காகப் புதுக் கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும்தான். ஆனால் உங்கள் கஷ்டத்தில் பாதி கணினியால் வந்தது அல்ல, அந்தப் பாதியையும் தூக்கிக்கொண்டு போய் புதுக் கணினியில் வைத்தால் கொஞ்ச நாளில் அதுவும் திணறும். அப்போது தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

எது தாமதிக்கிறது என்று முதலில் பாருங்கள்

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வழக்கமான ஒரு பேனர் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா, டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சிபியு மட்டும் சும்மா இருக்கிறதா? அப்புறம் ஃபோட்டோஷாப் சாளரத்தின் கீழ்ப்பக்க ஓரத்தில், கோப்பின் அளவு காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 சதவீதம் என்று காட்டினால் ரேமிலேயே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்கினால் ரேம் போதாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு, அதாவது டிஸ்க்கில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, வேலை போய்விட்டது. உங்களிடம் அந்த ஸ்க்ராட்ச் டிஸ்க் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் வேகம் நொடிக்கு 150 எம்பி இருந்தாலே அதிகம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் சாதாரண சாட்டா வகை 550 வரை போகும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையில் இப்போது சில 7,000 எம்பியைத் தொடுகின்றன. உங்களுடைய காத்திருப்பு எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

சேமிக்கும்போது ஹேங் ஆவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎஸ்டி, பிஎஸ்பி கோப்புகளை ஃபோட்டோஷாப் சுருக்கிச் சேமிக்கும், பெரிய கோப்பில் அந்தச் சுருக்கும் வேலைக்கே நேரம் பிடிக்கும். ப்ரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவைக்கலாம். கோப்பு டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்கும், ஆனால் சேமிப்பது வேகமாகும். ஆகவே டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இந்த வாரமே ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் பழைய கணினியில் போட்டு, விண்டோஸையும் ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் அதற்கு மாற்றிவிடுங்கள். வீண் செலவு என்று நினைக்காதீர்கள், அந்த எஸ்எஸ்டியைப் பிறகு வேறு கணினியிலும் மாட்டலாம், யுஎஸ்பியில் இணைக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் போட்டு பேக்கப் டிஸ்க்காகவும் வைத்துக்கொள்ளலாம். இதனால் உங்களுக்குக் கிடைப்பது அவகாசம். வேலை நின்றுபோன பதற்றத்தில் கடைக்குப் போகிறவர்கள்தான் கடைக்காரர் காட்டுவதை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

பழையதிலேயே ரேமையும் கூட்டிக்கொண்டு இன்னும் சில வருடம் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். வேகத்தை மட்டும் பார்த்தால் ஓட்டலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் கொஞ்ச காலம் நீட்டித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். உங்களுடையது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு, வீட்டுக் கணினி என்றால் அது அவரவர் விருப்பம், வாடிக்கையாளர்களின் இன்னும் வெளியாகாத லோகோக்கள் இருக்கிற தொழில் கணினியில் அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

எதற்குச் செலவழிக்கலாம்

தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார், அவருடைய பயன்பாட்டுக்கு அது சரியும்கூட. விளையாட்டுக்கு, முப்பரிமாண வேலைக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு கிராபிக்ஸ் கார்டுதான் உயிர். உங்கள் வேலையில் அப்படி இல்லை. ஃபோட்டோஷாப்பில் சில ஃபில்டர்கள், கேமரா ரா பகுதியில் படத்தின் புள்ளிக் கரகரப்பைக் குறைப்பது, ஜூம் செய்து நகர்த்துவது போன்றவற்றுக்கு அது உதவும், 4கே திரைக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி இருக்கட்டும் என்று ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியே சொல்கிறது. நடுத்தரமான ஒரு கார்டு போதும். அதேபோல பிராசஸரில் எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதைக் கேளுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பெரும்பாலான வேலை ஒன்றிரண்டு கோர்களின் மேல்தான் விழுகிறது, மற்றவை வேடிக்கை பார்க்கும்.

பெரிய கார்டில் மிச்சமாகும் காசை 32 ஜிபி ரேமுக்கும் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் கொடுங்கள். ரேமை இரண்டு துண்டாகப் போட்டு, இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிற மதர்போர்டாகப் பாருங்கள், தேவைப்பட்டால் 64-க்குப் போகலாம். பழைய ரேமைப் புதியதில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான போர்டுகள் டிடிஆர்5 என்ற புது வகை ரேமுக்கானவை, அதில் பழைய துண்டு பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு பங்கு மானிட்டருக்கு. அச்சில் இருட்டாக வருவதற்குக் கணினியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கடையிலிருந்து வருகிற மானிட்டர்களில் வெளிச்சம் மிக அதிகமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கண்கூசும் வெளிச்சத்தில் பார்த்து நீங்கள் படத்தை அடக்கி வைக்கிறீர்கள், காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது, ஆகவே இருண்டு வருகிறது. அச்சு வேலை பார்க்கிறவர்கள் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைத்துக்கொள்வது வழக்கம். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கிற காலிபரேட்டர் ஒன்று வாங்கி அதை அளந்து வையுங்கள், அச்சகத்தில் அவர்களுடைய ஐசிசி ப்ரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் போட்டு, அச்சில் வரப்போவதைத் திரையிலேயே பாருங்கள். இதைப் பழைய கணினியிலேயே இன்றைக்குத் தொடங்கலாம். புதுக் கணினி வந்ததும் மறுபடி ஒருமுறை காலிபரேட் செய்ய வேண்டும், பழைய ப்ரொஃபைலை நகலெடுத்துப் போட்டால் அது பொருந்தாது.

மேக், லேப்டாப் பற்றிச் சுருக்கமாக. மேக் நல்ல கணினி, டிசைனர்களுக்கு மிகவும் ஒத்துப்போகும். ஆனால் இப்போதைய மேக்குகளில் வாங்கிய பிறகு ரேமைக் கூட்ட வழியில்லை, வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். விண்டோஸுக்கு வாங்கிய உங்கள் கோரல்டிரா அதில் ஓடாது, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளுக்கு மேக் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உதவியாளர்களின் கணினிகள் விண்டோஸ். உங்கள் நிலைமையில் எனக்கு அது சரியாகப் படவில்லை. லேப்டாப் வேண்டும் என்றால், ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் பிராசஸர் போட்டவற்றை வாங்கும் முன் நிதானியுங்கள். பேட்டரி நிறைய நேரம் நிற்கும், உண்மைதான். ஆனால் பிரிண்டருக்கும் கட்டருக்கும் ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) இருந்தால்தான் அவை வேலை செய்யும். மேசையை விட்டு நகராத வேலைக்கு டெஸ்க்டாப்தான் என் தேர்வு, சூடும் குறைவு, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

கடன், பில், உரிமம்

கடன் வாங்குவது தவறில்லை. தொழிலுக்குச் சம்பாதித்துத் தருகிற கருவி இது. ஆனால் தவணை முடிகிற நாள் உத்தரவாதம் முடிகிற நாளைத் தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். கெட்டுப்போன கணினிக்குத் தவணை கட்டுவதைப் போன்ற வேதனை வேறில்லை. பில்லைத் தொழிலின் பெயரில் வாங்குங்கள், தேய்மானக் கழிவு கிடைக்குமா என்று உங்கள் கணக்கரிடம் கேளுங்கள். உத்தரவாதத்தில் எத்தனை வருடம் என்பதோடு, பழுதானால் ஆள் உங்கள் இடத்துக்கு வருவாரா, எத்தனை நாளில் வருவார், நீங்களே பெட்டியைத் திறந்து ரேம் போட்டால் உத்தரவாதம் போய்விடுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது.

எல்லா மென்பொருளையும் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. அது உரிமம் இல்லாத பிரதி என்றால் நாளைக்குக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல, தொழிலை நடத்துகிற நீங்கள். கிராக் போடுகிறவர்கள் வழக்கமாக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த கோப்புகள் இருக்கிற கணினியில் அப்படி ஒரு கதவைத் திறந்து வைக்கலாமா? உங்களிடம்தான் அடோபி சந்தா இருக்கிறதே. தனிநபர் சந்தாவில் ஒரே கணக்கை இரண்டு கணினிகளில் செயல்படுத்தி வைத்துக்கொள்ள முடியும், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். மாறும் காலத்துக்கு இதுவே போதும். கோரல்டிரா பழைய பதிப்பு என்பதால், அதைப் புதுக் கணினியில் செயல்படுத்தித் தருவார்களா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, சீரியல் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினியோடு கட்டுப்பட்டது, புதியதற்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே வாங்குகிற விலையில் உரிமமுள்ள விண்டோஸ் 11 அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், வேலைக்கு ப்ரோ பதிப்பு நல்லது.

மாறுகிற வாரம்

பலர் சறுக்குவது இங்கேதான். நல்ல கணினியை வாங்கிவிட்டு, கோப்புகளை மட்டும் காப்பி செய்துகொண்டு, பழையதை அன்றைக்கே கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த வாரம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வாடிக்கையாளர் அதே சிற்றேட்டை மறுபடி கேட்டு வரும்போதுதான் எழுத்துரு இல்லை, படம் இணைப்பு அறுந்திருக்கிறது என்று தெரியும்.

எழுத்துருவில் தொடங்குங்கள். உங்கள் எழுத்துருத் தொகுப்பில் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடிகிற கோப்புகள் இருக்கின்றனவா? அவை டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள். 2023 ஜனவரியோடு அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது, புதிய பதிப்புகளில் அவை தெரியாது. அதே எழுத்துருவின் ஓப்பன்டைப் என்ற புதிய வகைப் பதிப்பை வாங்கிப் போட்டாலும் வரிகள் சற்று நகர்ந்து உட்காரலாம். மாற்றித் தருகிற கருவிகள் இருக்கின்றன, ஆனால் எல்லா எழுத்துரு உரிமமும் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே பழைய கணினி கையில் இருக்கும்போதே முக்கியமான வேலைகளைத் திறந்து, அச்சுக்கான பிடிஎஃப் ஒன்றும் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் டைப் 1 அல்லாத டிடிஎஃப் வகையாகவே இருப்பதால் புதியதிலும் வேலை செய்யும், அவற்றுக்கான தட்டச்சு மென்பொருள் விண்டோஸ் 11-ல் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிரைவ் எழுத்து. பழையதில் வேலைக் கோப்புகள் டி டிரைவில் இருந்தால் புதியதிலும் அதே டி, அதே கோப்புறைப் பெயர்கள் இருக்கட்டும். இல்லையென்றால் இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் இணைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் காட்ட வேண்டிவரும். ஃபோட்டோஷாப் ஆக்ஷன்கள், பிரஷ்கள், ஸ்வாட்ச்கள், உங்கள் அச்சகம் கொடுத்த பிடிஎஃப் ப்ரீசெட்கள், மின்னஞ்சல் காப்பகம், பில் போடும் மென்பொருளின் தரவு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், இவையெல்லாம் சாதாரணமாகக் காப்பி செய்யும்போது விடுபட்டுப்போகும்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தை வாங்கும் முன்பே விசாரியுங்கள். விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பு என்பதே கிடையாது, 32-பிட் டிரைவர் மட்டும் இருக்கிற பழைய கருவி அதில் ஓடாது. அது சீரியல் போர்ட்டில் இணைகிறது என்றால் புதுக் கணினியில் பெரும்பாலும் அந்த வாயே இருக்காது, இணைப்பான் வேண்டும்.

புதுக் கணினியை முதன்முதலாக இயக்கி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படலாம். நல்லதுதான், ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கிற பிட்லாக்கர் மீட்புச் சாவி யாருடைய கணக்கில் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். கடைக்காரரோ உதவியாளரோ தன் கணக்கில் நுழைந்து அமைத்துக் கொடுத்தால் சாவி அவரிடம் போய்விடும். உங்கள் கணக்கில் இருக்கட்டும், காகிதத்திலும் ஒரு பிரதி எழுதி வையுங்கள்.

ஒரு பெரிய வேலையை ஒப்படைத்து முடித்த மறுநாள் மாறத் தொடங்குங்கள், நடுவேலையில் வேண்டாம். ஏற்கெனவே அச்சாகி வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட வேலை ஒன்றை இரண்டு கணினியிலும் திறந்து, இரண்டிலிருந்தும் பிடிஎஃப் எடுத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி உடைவது, நிறம், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று அச்சாகிற ஓவர்பிரிண்ட் எல்லாம் ஒத்துப்போனால் நம்பலாம். சில வாரங்கள் இரண்டும் மேசையில் இருக்கட்டும். பேக்கப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன்: எந்த வேலைக்கும் மூன்று பிரதி, அதில் இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று உங்கள் இடத்துக்கு வெளியே. இதை மாறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

பழைய கணினி

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். முதல் காரணம், மேலே சொன்ன சில வாரங்களுக்கு அது உங்களுக்கு வேண்டும். இரண்டாவது, கடைக்காரர் அதை ஃபார்மட் செய்துவிடுவார் என்று நம்பிக் கொடுப்பீர்கள். சாதாரண விரைவு ஃபார்மட்டில் கோப்புகளின் அட்டவணைதான் போகும், கோப்புகள் அங்கேயே கிடக்கும், மீட்டெடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடலாம். உங்கள் வாடிக்கையாளர் யாராவது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

உதவியாளர் கேட்கிறாரே, அதற்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும், கணினி அவர் கைக்குப் போகும்போது வாடிக்கையாளர் கோப்புகளும் கூடவே போகக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் உங்கள் பல வருட வேலை இருக்கிறது. அடோபி கணக்கிலிருந்து வெளியேறி, கோரல்டிராவையும் அதிலிருந்து விடுவித்து, எஸ்எஸ்டியை முழுதாகத் துடைத்த பிறகே கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் வராது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், தெரிந்து வாங்கிக்கொள்ளட்டும். ஒருவேளை கட்டர் இயந்திரம் விண்டோஸ் 11-க்கு ஒத்துவராது என்று தெரிந்தால், இந்தப் பேச்சே வேண்டாம், பழைய கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, கட்டருக்கென்றே ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். உதவியாளரிடம் அந்தக் காரணத்தையே சொல்லுங்கள், அவருக்கும் புரியும்.